மாணவன் பட்ட கடனும் அரசு பட்ட கடனும்

கடன் என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருள் ஒன்று. ஒருவர் தவறாது ஆற்றவேண்டிய கடமை மற்றொன்று. புறநானூற்றில் பொன்முடியார் பாட்டொன்றில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் தனித்தனியே கடன் வகுத்துரைக்கப்படுகிறது. அங்குச் சொல்லப்படுவது வட்டிக்கு வாங்கிய பொருளன்று. ஓர் இளைஞனை ஆளாக்குவதில் ஒவ்வொருவர்க்கும் உள்ள பொறுப்பே அங்குக் கடன் எனப்பட்டது. இன்று அரசு கல்வியைப் பற்றிப் பேசுங்கால் கடன் என்பதன் முதற்பொருளையே பேசுகிறது. இரண்டாம் பொருளை மறந்துவிட்டது. அம் மறதியால் தமிழ் மாணவனுக்கும் தமிழ் மொழிக்கும் விளைந்துவரும் கேட்டை எடுத்துக்காட்டவே இக் கட்டுரை எழுதப்படுகிறது.

கல்மண்டபத்தையும் அதனைச் சூழ்ந்த இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளையும் அறிந்தோர்க்கு, இங்குள்ள மாணவன் எவன் என்று விரித்துரைக்க வேண்டுவதில்லை. விசைப்படகிற் செல்வோன் மகன். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் பெயரன். மீன்கூடை தூக்கிக் கல்மண்டபச் சந்தைக்கு வருபவளின் மகள். தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாய் இருப்பவனின் தம்பி. இவர்கள் தமிழில் படித்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலும் மாநகராட்சிப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் தமிழ்வழியே கற்றவர்கள். இவர்களுள் அறிவிற் குறைந்தவர் மிகச் சிலரே. கையிற் பொருளுள்ளவர் அவரினும் சிலர்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவருவது மே திங்களில். கல்லூரிச் சேர்க்கை நடப்பது மே, சூன் திங்கள்களில். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாதெனத் தடை நிற்பதோ ஏப்பிரல் 15 தொடங்கிச் சூன் 14 முடிய, 61 நாள்கள். மீன் இனம் பெருகவேண்டும் என்பதற்காக விதிக்கப்படும் அத் தடையை நாம் குறை கூறவில்லை. ஆயினும் பிள்ளை கல்லூரி வாயிலில் நிற்கும் அதே நாள்களில் தந்தையின் படகு கரையேறிக் கிடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். தடைக்கால உதவித் தொகை 5,000 உருபாவிலிருந்து 8,000 உருபாவாக உயர்த்தப்படும் என 2023இல் அறிவிக்கப்பட்டது. இரண்டு திங்கள் ஒரு குடும்பம் உண்பதற்கே அது போதாது. அதிலிருந்து பிள்ளையின் சேர்க்கைச் செலவு எங்ஙனம் வரும்?

இனி, கல்லூரிக் கட்டணம் கட்டியவுடன் செலவு முடிந்துவிடுகிறதா? அரசுக் கலைக் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் நீக்கப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின. எனவே அரசுக் கல்லூரிப் படிப்பு ஏழைக்கு எளிது என்று நகரத்து மேன்மக்கள் கூறுவர். அவர்கள் அறியாத கட்டணம் ஒன்று உண்டு. பதினெட்டு அகவை நிரம்பிய மகன் கடலுக்குச் சென்றாலும், மீன்பிடித் துறைமுகத்தில் பனிக்கட்டி ஏற்றினாலும், கடையில் நின்றாலும் நாள்தோறும் வீட்டுக்குக் கூலி வரும். அவன் கல்லூரிக்குச் சென்றால் அக் கூலி நின்றுபோகும். அதற்குமேல் அவன் உணவும் உடையும் பேருந்தும் நூலும் வீட்டின் சுமையாகும். வராத கூலியே ஏழை மாணவன் செலுத்தும் பெருங்கட்டணம். அது எந்தக் கல்லூரியின் கட்டணப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை. பட்டியலில் இல்லாததால் எந்த வங்கியும் அதற்குக் கடன் தருவதில்லை.

யாம் கற்பித்த மாணவருள் ஒருவன் தமிழில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றான். தமிழ் இலக்கியம் படித்து ஆசிரியனாக வேண்டுமென்பது அவன் விருப்பம். கல்லூரியில் இடமும் கிடைத்தது. விடியற்காலை இரண்டு மணிக்குக் காசிமேட்டில் மீன் இறக்கும் வேலைக்குச் சென்று, எட்டு மணிக்கு வீடு திரும்பிக் குளித்துக் கல்லூரி சென்றான். முதற் பருவத்தில் வகுப்பில் உறங்கினான். இரண்டாம் பருவத்தில் வருகை குறைந்தது. மூன்றாம் பருவத்திற்கு அவன் கல்லூரியில் இல்லை. இடையில் ஒருநாள் கடன் கேட்டு ஒரு வங்கிக்குச் சென்றிருக்கிறான். "உன் கல்லூரிக் கட்டணம் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னான். "இதற்கா கடன்?" என்று நகைத்து அனுப்பிவிட்டார்கள். அவன் கட்டணத்திற்குக் கடன் கேட்கவில்லை. மூன்றாண்டு உறங்காமல் படிக்கக் கடன் கேட்டான். அவ்வாறு கேட்பதற்கு அங்கிருந்த ஆங்கிலப் படிவத்தில் கட்டமே இல்லை.

திட்டங்கள் சொல்வது என்ன?

திட்டமே இல்லை என்று நாம் கூறவில்லை. இந்திய அரசு 1963இல் தேசியக் கடன் உதவித்தொகை என்னுந் திட்டத்தைத் தொடங்கிற்று. தகுதியும் வறுமையும் உடைய மாணவர்க்கு வட்டியில்லாக் கடன் அது. படித்து முடித்து ஆசிரியப் பணியேற்றால், பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டிற்கும் கடனிற் பத்தில் ஒரு பங்கு கழிக்கப்படும் என்ற விதியும் அதில் இருந்தது. குறைகள் பல இருப்பினும் அத் திட்டத்தின் உள்ளத்தில் ஓர் அறம் இருந்தது. கொடுத்த கடன் சரிவரத் திரும்பவில்லை என்பது கூறப்பட்ட குறை. பின்னர் அத் திட்டம் கைவிடப்பட்டது.

2001இல் வங்கிகள் வழியான கல்விக் கடன் திட்டம் வந்தது. 4 இலக்கம் உருபா வரை ஈடு வேண்டாம். அதற்குமேல் பிறர் பிணை வேண்டும். 7½ இலக்கத்திற்கு மேல் சொத்து ஈடு வேண்டும் என்பன அதன் விதிகள். விடுதிச் செலவும் நூற்செலவும் கடனில் அடங்கும் என்று விதியில் எழுதப்பட்டுள்ளது. ஆனால் வங்கி அலுவலர் கையில் எடுப்பது கல்லூரி தரும் கட்டணப் பட்டியலைத்தான். பட்டியல் பெரிதானால் கடன் பெரிது. பட்டியல் சிறிதானால் கடன் இல்லை. 2009இல் ஆண்டு வருவாய் 4½ இலக்கத்திற்கு உட்பட்ட குடும்பத்து மாணவர்க்குப் படிப்புக்கால வட்டியை ஒன்றிய அரசே ஏற்கும் என்று அறிவித்தனர். அதுவும் தொழிற்கல்விக்கும் நுட்பக் கல்விக்குமே உரியது; தமிழ் இலக்கியமோ வரலாறோ பொருளியலோ படிப்பவனுக்கு உரியதன்று.

2024 நவம்பரில் வந்தது தலைமையமைச்சர் பெயரால் அமைந்த வித்தியா இலக்குமித் திட்டம். பெயரே வடமொழி, அது கிடக்கட்டும். ஈடும் பிணையும் இன்றிக் கடன். 7½ இலக்கம் வரையிலான கடனுக்கு 75 விழுக்காடு அரசின் பொறுப்புறுதி. 8 இலக்கம் வரை வருவாயுள்ள குடும்பத்தார்க்கு 10 இலக்கம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிக் குறைப்பு. ஏழாண்டுகளுக்கு 3,600 கோடி உருபா ஒதுக்கீடு. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் தொடங்கியபோது நாட்டில் 860 நிறுவனங்களில் படிப்போர்க்கே இது உரியதாயிற்று. அவை எவை? தரவரிசையில் முன்னிற்பவையும் ஒன்றிய அரசின் நிறுவனங்களும். அங்கு நுழைவதற்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வேண்டும். பயிற்சி நிலையத்திற்குக் கொட்டிக் கொடுக்கப் பொருள் வேண்டும். நுழைந்துவிட்டவனுக்குக் கதவு திறக்கப்படுகிறது. வெளியே நிற்பவனுக்கு அதே கதவு சுவராகிறது.

இத் திட்டங்கள் எல்லாவற்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். 2001க்குப் பின் வந்த கடன், மாணவனின் வறுமையை அளந்து தரப்படவில்லை. கல்லூரியின் கட்டணத்தை அளந்தே தரப்படுகிறது. மாணவன் பெயரில் எழுதப்படும் பொருள் தனியார் பொறியியற் கல்லூரியின் கருவூலத்திற்கு நேரே செல்கிறது. கடன் மட்டும் மாணவன் தலையில் நிற்கிறது.

ஒரு கணக்கு இடுவோம். நான்காண்டுப் பொறியியற் படிப்புக்கு ஆண்டிற்கு ஓர் இலக்கமாக 4 இலக்கம் உருபா கடன் பெற்றான் ஒருவன். வட்டி 10 விழுக்காடு எனக் கொள்க. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பத் தொடங்கும்போது, முதலாண்டுக் கடனுக்கு ஐந்தாண்டு வட்டி 50,000, இரண்டாமாண்டுக் கடனுக்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஆக வட்டி மட்டும் 1,40,000. முதலோடு சேர்ந்தால் 5,40,000. வட்டியை அரசே ஏற்றாலும் முதல் 4 இலக்கம் நிற்கும். அதன்பின் அதற்கு வட்டி மட்டுமே திங்களுக்கு 3,300 உருபாவுக்கு மேல். பொறியியல் படித்தும் வேலையின்றி, உணவுப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் வேலைக்குச் சென்ற இளைஞன் இதனை எதிலிருந்து கட்டுவான்?

கட்டமுடியாதவர் பெருகினர். பொதுத்துறை வங்கியொன்று தன் திரும்பாக் கல்விக் கடன்களைத் தனியார் நிறுமம் ஒன்றிற்குத் தள்ளுவிலைக்கு விற்றமை 2016இல் தமிழகமெங்கும் பேசப்பட்டது. கடனின் முழுமதிப்பிற் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து நிறுமத்திற்கு விற்க வங்கியால் இயன்றது. அந்த விட்டுக்கொடுத்தலைக் கடன்பட்ட மாணவனுக்கே செய்திருந்தால் குடிமுழுகியா போயிருக்கும்? வணிகனுக்குத் தள்ளுபடி, மாணவனுக்கு வசூல் ஆள். இதுவே வங்கி கற்பிக்கும் பாடம்.

சோறிட்டவர் மொழியை வளர்த்தனர்

மாணவனின் உணவுக்கும் உறையுளுக்கும் பொறுப்பேற்பவர் எவரோ, அவரே அவன் எம்மொழியில் எதனைக் கற்பான் என்பதையும் முடிவு செய்கிறார். இது நம் நாட்டு வரலாறு காட்டும் உண்மை.

தஞ்சையில் மராத்திய அரசர் காலத்திய சத்திரங்கள் பல இருந்தன. அவற்றின் அறக்கொடை நிலங்கள் விளைந்தவை தமிழுழவர் கையால். அவற்றின் வருவாயில் உண்டு உறைந்து பயின்றவரோ வடமொழி மாணவர். திருவையாற்றுக் கல்லூரியும் வடமொழிக்கே உரியதாய் இருந்தது. தமிழ் பயில விழைந்த ஏழைக்கு அங்குச் சோறுமில்லை, இடமுமில்லை. நயன்மைக் கட்சியைச் சேர்ந்த ஏ.டி. பன்னீர்செல்வம் தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராய் அமர்ந்தபோது, கரந்தைத் தமிழ்ச் சங்கத்து த.வே. உமாமகேசுவரனாரின் தூண்டுதலும் துணையும் சேர, 1924இல் அக் கல்லூரியில் தமிழுக்கு வாயில் திறக்கப்பட்டது. வடமொழிக் கல்லூரி அரசர் கல்லூரியாயிற்று. தமிழ்ப் புலவர் வகுப்பு நடந்தது. அதனோடு நில்லாது ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் இருந்த சத்திரங்களில் பார்ப்பனரல்லாத மாணவர்க்கு உணவும் உறையுளும் தரும் விடுதிகளை ஏற்படுத்தினார் பன்னீர்செல்வம். நிலமும் நெல்லும் முன்பிருந்தவையே. சோறு சென்ற பக்கம் மாறியது. கல்வி சென்ற பக்கமும் மாறியது. அவ் விடுதிகளில் உண்டு படித்தவர் பலர் பின்னர்த் தமிழறிஞராகவும் ஆசிரியராகவும் அலுவலராகவும் விளங்கினர்.

சென்னையில் 1916இல் மருத்துவர் நடேசனார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் கண்டார். கல்லூரி அன்றும் சென்னையில் இருந்தது. தகுதியுள்ள மாணவரும் ஊர்ப்புறங்களில் இருந்தனர். தங்கவும் உண்ணவும் இடமின்மையே இடையில் நின்ற தடை. அதனை அறிந்து அத் தடையை நீக்கினார் அவர். அதே 1916இல் சிதம்பரத்தில் சகசானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரால் கல்வி நிலையம் தொடங்கினார். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியதும் 1916இலேயே. மொழித்தூய்மைக்கு ஒருவர், மாணவர் உறையுளுக்கு ஒருவர், ஒடுக்கப்பட்டோர் கல்விக்கு ஒருவர் என ஓராண்டிலேயே மூவர் எழுந்தனர். மூன்றும் ஒரே மரத்தின் வேர்கள் என்பதை நம் இயக்கத்தார் மறக்கலாகாது. பசித்தவனிடம் சென்று தூயதமிழ் பேசு என்று மட்டும் சொல்லிவருவது வேரில்லா மரத்திற்கு நீரூற்றுவதாகும்.

நம் வடசென்னைக்கும் இதில் பங்குண்டு. பழைய வண்ணாரப்பேட்டையிலுள்ள கல்லூரிக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராய் இருந்தபோது, 1920இல் ஆயிரம்விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் திட்டம் தொடங்கிற்று. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மேற்படாத செலவு. அவ் வித்தே காமராசர் காலத்தில் 1956இல் பகலுணவாய் முளைத்தது, ம.கோ. இராமச்சந்திரன் காலத்தில் 1982இல் சத்துணவாய்த் தழைத்தது, 2022இல் மு.க. தாலின் காலத்தில் காலையுணவாயும் விரிந்தது. உணவிட்டால் பிள்ளை படிப்பான் என்பதை உலகிற்குக் காட்டியது தமிழ்நாடு. ஆயின் அவ் வுணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. பதினைந்து அகவையில் பசித்தவன் பதினெட்டு அகவையில் பசிக்காமல் இருப்பானா? பள்ளியில் தாயாய் நின்று சோறிட்ட அரசு, கல்லூரி வாயிலில் மாற்றாந்தாயாய்க் கைகழுவி, "வங்கிக்குப் போ" என்கிறது.

இன்று கிடைப்பது எவ்வளவு?

தமிழ்நாட்டரசு ஒன்றுமே செய்யவில்லை என்பது நேர்மையாகாது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 உருபா தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிற்று. ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகத்தில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்க்கும் அவை நீட்டப்பட்டன. அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும், அவ் வொதுக்கீட்டில் சேர்ந்தோரின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்றலும் 2021இல் நடைமுறைக்கு வந்தன. இவை கடனல்ல; கொடை. தமிழ்வழி படித்தவன் என்பதையே தகுதியாக்கியமை நாம் நெஞ்சாரப் பாராட்டத் தக்கது.

ஆனால் 1,000 உருபாவை முப்பது நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 33 உருபா. அரசு மாணவர் விடுதிகளில் கல்லூரி மாணவனின் உணவுக்கென 2023இல் உயர்த்தப்பட்ட தொகை திங்களுக்கு 1,500. நாளொன்றுக்கு 50 உருபா. மூன்று வேளை உணவுக்கு 50 உருபா போதும் என்று முடிவு செய்தவர், தம் வீட்டு நாள்கணக்கை ஒருமுறை எழுதிப் பார்த்தல் நன்று. காசிமேட்டில் விடியல்வேலை செய்த அம் மாணவனுக்கு 33 உருபா பேருந்துக்கும் தேநீருக்கும் போதும். விடியல்வேலையை விடுவதற்குப் போதாது.

பிறர் செய்வது

மாணவனின் வாழ்க்கைச் செலவு அரசின் பொறுப்பா என ஐயுறுவோர் பிற நாடுகளைக் காண்க. செருமனியில் 1971இல் மாணவர் வாழ்க்கைச் செலவுக்கென்றே சட்டம் வந்தது. 1983இல் முழுதும் கடனாக மாற்றிப் பார்த்தனர். மாற்றியது கேடென்று கண்டு 1990இல் பாதி கொடை, பாதி வட்டியில்லாக் கடன் என்று திருத்தினர். எவ்வளவு பெற்றிருப்பினும் 10,010 யூரோவுக்கு மேல் திருப்பத் தேவையில்லை என வரம்பும் வைத்துள்ளனர். இங்கிலாந்து அதற்கு எதிர்வழியிற் சென்றது. 1990இல் வாழ்க்கைச் செலவுக்கடன் புகுந்தது. 1999இல் கொடை நிறுத்தப்பட்டது. இடையில் ஓரளவு மீண்டு வந்தது. 2016இல் இங்கிலாந்து மாணவர்க்கு மீண்டும் நிறுத்தப்பட்டது. விளைவு? செல்வர் வீட்டுப் பிள்ளை குறைந்த கடனோடும் ஏழை வீட்டுப் பிள்ளை மிகுந்த கடனோடும் பட்டம் பெறுகின்றனர். அமெரிக்காவில் 1958இல் சிறிதாய்த் தொடங்கிய மாணவர் கடன் இன்று ஒன்றரை இலக்கங் கோடி தாலருக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. எவ்வழி நல்வழி என்பதற்கு இனியும் சான்று வேண்டுமா?

தொலைநாடு எதற்கு? பீகாரில் 2016 முதல் மாணவர் கடனட்டைத் திட்டம் உண்டு. 4 இலக்கம் வரையிலான அக் கடனுக்குக் கலை, அறிவியல், வணிகப் பட்டப்படிப்புகளும் தகுதியுடையவை. விடுதிச் செலவும் அடங்கும். 4 விழுக்காடாகவும் பெண்களுக்கு 1 விழுக்காடாகவும் இருந்த வட்டியையும் நீக்குவதாக 2025இல் அறிவித்தனர். மேற்கு வங்காளம் 2021இல் 4 விழுக்காட்டுத் தனிவட்டியில் 10 இலக்கம் வரையிலான கடனட்டையைத் தந்தது. தமிழர் குருதி சிந்திய இலங்கையில்கூட 1981 முதல் மகாபொல என்னும் உதவித்தொகை பல்கலைக்கழக மாணவர் வாழ்க்கைச் செலவுக்குத் தரப்படுகிறது. அது கடனன்று, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பயிலும் நம் உறவுகளும் பெறுகின்றனர். கல்வியில் முன்னிற்பதாய்ப் பெருமை பேசும் தமிழ்நாட்டில், கலைக் கல்லூரியிற் பயிலும் ஏழையின் வாழ்க்கைச் செலவுக்கென அவை போன்ற ஏற்பாடு இல்லாமை நமக்குப் பெருமையாகுமா?

மறுப்புரைக்கு விடை

கொடை கொடுத்தால் சோம்பல் வளரும் என்பர் சிலர். இரண்டு மணிக்கு எழுந்து மீன் இறக்கும் பிள்ளையிடம் வந்து இதனைச் சொல்லட்டும். கடன் கொடுத்தால் திரும்பாது என்பர் வேறு சிலர். 1963ஆம் ஆண்டுத் திட்டத்தை அதற்குச் சான்று காட்டுவர். வேலை தராத நாட்டில் கடன் திரும்பாததற்கு மாணவன் எங்ஙனம் பொறுப்பாவான்? வருவாய் வந்தபின் வருவாய்க்குத் தக்கபடி திருப்புக என்று வகுத்தால் நேர்மையாளன் திருப்புவான். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நேர்மையாளரே. கடன் தள்ளுபடி செய்வோம் என்று தேர்தல்தோறும் கட்சிகள் உறுதிமொழி தருவது மற்றொரு கேடு. திருப்புவோனை ஏமாளியாக்கி, திருப்பாதோனைக் காத்திருக்கச் செய்து, ஈற்றில் இருவரையும் கைவிடுவது அது. தள்ளுபடி வேண்டும் நிலைக்கு மாணவனைத் தள்ளாதிருப்பதே நல்லரசு.

நாம் கேட்பது

முதலாவது, கட்டணப் பட்டியலைப் பாராது மாணவனின் குடும்ப வருவாயைப் பார்த்து, வாழ்க்கைச் செலவுக்கெனத் தமிழ்நாட்டரசே நேரே உதவித் தொகை வழங்க வேண்டும். திங்களுக்கு 3,000 உருபாவேனும் வேண்டும். ஆண்டிற்குப் பத்துத் திங்களாக மூன்றாண்டிற்கு 90,000 உருபா. அதில் பாதி கொடை. பாதி வட்டியில்லாக் கடன். அஃதாவது மாணவன் தலையில் நிற்பது 45,000. வேலை பெற்றபின் திங்களுக்கு 500 உருபா கட்டினாலும் ஏழரை ஆண்டில் தீரும். தனியார் கல்லூரிக்காகப் பட்ட 5,40,000 எங்கே, இது எங்கே!

இரண்டாவது, 1963இல் இருந்த நல்விதியை மீட்க வேண்டும். படித்து முடித்து அரசுப் பள்ளியில் தமிழ்வழி கற்பிப்போர்க்கு ஆண்டிற்குப் பத்தில் ஒரு பங்கு கடன் கழிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, தமிழ்வழிக் கல்லூரிக் கல்விக்கு முழுத் தொகையும் கொடையாக வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. அதே ஆண்டில் அரசுப் பணியில் தமிழ்வழி படித்தோர்க்கு 20 விழுக்காட்டு முன்னுரிமைச் சட்டமும் வந்தது. வேலைக்கு வழி காட்டினர். வேலை வரும்வரை உண்ண வழி காட்டவில்லை. அதனையும் காட்டினாலன்றித் தமிழ்வழி வகுப்புகள் நிரம்பா.

நான்காவது, படிவமும் ஒப்பந்தமும் விதிகளும் முழுதும் தமிழில் இருத்தல் வேண்டும். தான் கையெழுத்திடுவது இன்னதென்று மீன்கூடை சுமக்கும் தாய் படிக்கக் கேட்டு அறிந்தபின்னரே கையெழுத்து இடவேண்டும். அறியாத மொழியில் இட்ட கையெழுத்து கட்டைவிரற் பதிவினும் கீழானது.

ஐந்தாவது, முதல் தவணை சூன் திங்கள் முதல் நாளிலேயே கிடைக்க வேண்டும். மீன்பிடித் தடைநாள்களில் சேர்க்கை நடக்கும் இக் கரையோரத்தில், கார்த்திகையில் வரும் உதவி இறந்தபின் வரும் மருத்துவனை ஒக்கும்.

அரசிடம் கேட்டுவிட்டு நாம் கைகட்டி இருத்தலும் முறையன்று. நடேசனார் அரசாணைக்குக் காத்திருந்து இல்லம் அமைக்கவில்லை. இதனைப் படிக்கும் உணர்வாளருள் ஆசிரியர் உளர், வணிகர் உளர், ஓய்வூதியம் பெறுவோர் உளர். ஒவ்வோர் ஊரிலும் பத்து உணர்வாளர் சேர்ந்து ஒரு தமிழ்வழி மாணவனின் மூன்றாண்டு உணவுக்குப் பொறுப்பேற்றல் இயலாத செயலன்று. பத்துப் பேர் திங்களுக்கு 300 உருபா தந்தால் மேற்கூறிய 3,000 நிறைந்துவிடும். விழாவுக்கும் மாலைக்கும் பொன்னாடைக்கும் நாம் செலவிடுவதில் ஒரு சிறு கூறே இது. கல்மண்டபத்தில் யாம் சிலர் சேர்ந்து வரும் கல்வியாண்டில் இருவர்க்கு இதனைச் செய்யத் துணிந்துள்ளோம். மற்ற ஊரினரும் செய்க. செய்துவிட்டு, "எங்களால் இயன்றது இது, உன்னால் இயலாதா?" என்று அரசை நோக்கிக் கேட்க. அப்போது நம் குரலுக்கு வலிமை பிறக்கும்.

தமிழைக் காப்போம் என்று மேடையில் முழங்குகிறோம். தமிழ் ஏட்டில் மட்டும் இல்லை. அதனைப் படிக்க விழையும் ஏழைப் பிள்ளையின் நாவில் இருக்கிறது. அந் நாவிற்கு முதலில் சோறு வேண்டும். அதனை இடுதல் அரசின் கடன்; இடச் செய்தல் நம் கடன்.